படகுக்கு எந்த எஞ்சின்?

தறிக்குப் பேர்போன சேலம் அம்மாபேட்டையில் ஆறும் இல்லை, கடலும் இல்லை. குமரகிரிப் பக்கம் ஓர் ஏரி உண்டு, அவ்வளவுதான். ஆயினும் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் இங்குள்ள பிள்ளைகள் படகேறாமல் இருப்பதில்லை. மலைமேல் ஏற்காட்டு ஏரி இருக்கிறது. மேற்கே காவிரியில் பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே, கதவணையால் தேங்கி நிற்கும் நீரில் விசைப்படகு ஓடுகிறது. சென்று வந்த மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், படகு மோட்டாரில் எந்தக் கம்பெனி நல்லது?”

மோட்டார் சைக்கிளுக்குக் கேட்பது போலவே கேட்கிறார்கள். படகைப் பொறுத்தவரை கம்பெனியின் பெயர் கடைசியாக வரவேண்டிய கேள்வி. எவ்வளவு திறன் தேவை, என்ன எரிபொருள், உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்ற மூன்றையும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதல் கேள்விக்கு விடை உங்கள் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது.

படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடப்படும் இயந்திரத்தை அவுட்போர்டு மோட்டார் என்கிறோம். இலங்கைத் தமிழர் வெளியிணைப்பு இயந்திரம் என்று அழகாகச் சொல்கிறார்கள். உச்சியில் எஞ்சின். அதிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கும் ஒரு தண்டு. அடியில் பற்சக்கரப் பெட்டி, அதன் பின்னால் நீருக்குள் சுழலும் புரொப்பெல்லர். எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பு. கைப்பிடியைப் பிடித்து அந்த உடம்பையே திருப்பினால் படகு திரும்பும், தனியாகச் சுக்கான் வேண்டியதில்லை. சிறிய மோட்டாராக இருந்தால் கழற்றி வீட்டுக்கே எடுத்துச் செல்லலாம்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909 இல் மில்வாக்கி நகரில் இதைச் செய்து விற்கத் தொடங்கினார். துடுப்புப் போட்டுக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிவிட்டதால் இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே கேமரன் வாட்டர்மன் என்ற அமெரிக்கர் இத்தகைய மோட்டாரை விற்றிருக்கிறார். ஐஸ்கிரீம் கதை இல்லாததாலோ என்னவோ, அவர் பெயர் அவ்வளவாக நிலைக்கவில்லை.

இனி திறனுக்கு வருவோம். படகு நகரும்போது அதன் மூக்கில் ஓர் அலை எழுவதைப் பார்த்திருப்பீர்கள். வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஆழமான நீரில் அலையின் வேகம், வினாடிக்கு மீட்டரில், அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் போல் 1.25 மடங்கு. அலைநீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும் வேகத்தை எட்டியதும் ஒரு சங்கடம் ஏற்படுகிறது. அதற்கு மேல் போக முயன்றால் பின்புறம் அலையின் பள்ளத்தில் அமிழ்கிறது, மூக்கு மேலே தூக்குகிறது. படகு தானே உண்டாக்கிய மேட்டில் தானே ஏறவேண்டியதாகிறது! 5 மீட்டர் நீளமுள்ள படகுக்குக் கணக்கிடுங்கள். 5 இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.24. அதை 1.25 ஆல் பெருக்கினால் வினாடிக்கு 2.8 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்.

இந்த எல்லைக்குள் ஓடுவதானால் ஆட்களுடன் ஒரு டன் எடையுள்ள படகுக்கும் ஐந்து குதிரைத் திறன் போதும். எல்லையைத் தாண்டி நீரின்மேல் வழுக்கிக்கொண்டு பறக்க வேண்டுமானால் அதைப்போல் பல மடங்கு வேண்டும். எல்லைக்குக் கீழேயும் திறன் மலிவானதல்ல. நீரின் தடை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவதால், தேவைப்படும் திறன் அதன் கனத்தை ஒட்டி ஏறுகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு திறன்! ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு 40 குதிரைத் திறன் எதற்கு? பெரிய எஞ்சின் வாங்கியவர் பெருமைக்கும் சேர்த்து எரிபொருள் ஊற்றுகிறார் என்பது என் கருத்து.

அடுத்தது எரிபொருள். இரண்டு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரிதல் நிகழ்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். ஆகவே ஒரே திறனுக்கு முன்னது எடை குறைந்தது, எளியது, கிராமத்து மெக்கானிக் கூடப் பிரித்துப் பூட்டிவிடுவார். ஆனால் பழைய வகையில், புகை வெளியேறும் அதே நேரத்தில் புதுக் கலவையும் உள்ளே வருவதால், ஊற்றிய பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்கு எரியாமலே நீரில் கலந்துவிடும். இதனால் அமெரிக்கா 1996 இல் விதி வகுத்து, 1998 முதல் படிப்படியாகக் கட்டுப்பாட்டை இறுக்கியது. உலகச் சந்தை நான்கு வீச்சுக்கு நகர்ந்தது.

நம் கடற்கரையின் நிலைமை வேறு. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் இலங்கையிலும் மீனவர்கள் நாடியது மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு வீச்சு எஞ்சின்களை. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் மிகக் குறைவு. அதிகம் அழுத்தினால் பொறி படுமுன்னரே வெடித்து பிஸ்டனைத் தட்டும். ஆகவே அழுத்த விகிதத்தைக் குறைத்து, இதற்கென்றே தனி மாதிரிகள் செய்கிறார்கள். யமஹாவும் சுசுகியும் இங்கே ஊன்றியதற்கு இத்தகைய மாதிரிகள் ஒரு முக்கிய காரணம். சோழமண்டலக் கரையிலோ பலர் நீண்ட தண்டுடைய டீசல் எஞ்சினையே விரும்புகிறார்கள். கரையலையில் தண்டைச் சட்டென்று மேலே தூக்கிவிடலாம் அல்லவா?

ஒரே எரிபொருளை நம்பியிருப்பதன் ஆபத்து 2022 இல் இலங்கையில் தெரிந்தது. அந்நியச் செலாவணி வற்றியதால் மண்ணெண்ணெய் இறக்குமதி தடைப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆயிற்று. எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லாமலே வடக்கிலும் கிழக்கிலும் படகுகள் கரையில் கிடந்தன.

எஞ்சினே கிடைக்காமல் போவது இன்னொரு வகைத் தட்டுப்பாடு. மோட்டார் காருக்கு எத்தனையோ கம்பெனிகள் உண்டு. பெட்ரோல் அவுட்போர்டு மோட்டாரைப் பெருமளவில் செய்வோரை ஒரு கைவிரலால் எண்ணிவிடலாம்: அமெரிக்காவின் மெர்குரி, ஜப்பானின் யமஹா, சுசுகி, ஹோண்டா, டொஹாட்சு. ஆறாவதாக இருந்தது எவின்ரூட். எரிபொருளை நேரே உருளைக்குள் பீச்சி, புகையைக் குறைத்து, இரண்டு வீச்சு முறையையே அது விடாமல் வைத்திருந்தது. 2020 மே மாதம் கோவிட் நெருக்கடியின் நடுவே அதன் உரிமையாளரான கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 111 ஆண்டுப் பெயர் ஓர் அறிவிப்பில் முடிந்தது.

அதே சமயத்தில் அமெரிக்காவில் ஒரு விந்தை நடந்தது. வேறெங்கும் போக முடியாத மக்கள் குடும்பத்தோடு ஏரிக்குப் போகலாம் என்று படகு வாங்கக் கிளம்பினார்கள். ஆலைகளோ ஆளின்றியும் உதிரிப் பாகமின்றியும் தடுமாறின. கப்பல் கொள்கலன்கள் கிடைக்கவில்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் குறைகடத்திச் சில்லுகளுக்கும் பஞ்சம். 2021, 2022 ஆண்டுகளில் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். எஞ்சின் வராததால் கட்டி முடித்த படகுகளும் விற்க முடியாமல் நின்றன. விரும்பிய கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது போய், கிடைத்ததை வாங்குவது என்றாயிற்று.

தறி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதிரிப் பாகத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. படகு மோட்டாரில் அப்படி மூன்று சிறு பொருள்கள் உண்டு. ஒன்று, நீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம். எஞ்சினைக் குளிர்விக்க ஆற்று நீரையே மேலே ஏற்றுவது இதுதான். நீரில்லாமல் சிறிது நேரம் ஓட்டினாலே கருகிவிடும். பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரை பீச்சுகிறதா என்று படகோட்டி அடிக்கடி திரும்பிப் பார்ப்பது இதற்காகவே. இரண்டாவது, சிறிய மோட்டார்களில் புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் ஊசி. இதை வேண்டுமென்றே பலம் குறைந்த உலோகத்தில் செய்கிறார்கள். புரொப்பெல்லர் பாறையில் மோதினால் ஊசி அறுந்து பற்சக்கரங்களைக் காப்பாற்றும். மின்சுற்றில் உருகு கம்பி செய்யும் அதே வேலை! மூன்றாவது, நீரில் மூழ்கும் பகுதியில் திருகியிருக்கும் துத்தநாகத் துண்டு. உப்பு நீர் மின்பகுபொருளாக வேலை செய்யும்போது, அலுமினிய உடம்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரைந்து போகிறது. ஆற்று நீரில் இதற்கு மக்னீசியம் ஏற்றது.

இந்த மூன்றும் பக்கத்து ஊரில் கிடைக்காத மோட்டாரை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். நடு ஆற்றில் ஊசி அறுந்தால் படகு நீரோட்டத்தின் கையில். கதவணைக்கு மேல்புறமாயின் அது விளையாட்டல்ல. உயிர்காப்பு உடையோடு ஒரு ஜோடித் துடுப்பும் படகில் இருந்தே ஆகவேண்டும்.

மின்மோட்டார் வைத்தால் இந்தத் தொல்லைகளில் பாதி தீருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் ஆற்றல் உண்டு. சிறு எஞ்சின் அதில் கால் பங்கைக்கூட வேலையாக்குவது அரிது. ஒரு கிலோ லித்தியம் மின்கல அடுக்கில் 0.2 யூனிட்டுக்கும் குறைவாகவே இருக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி வேலையாகிவிடும். ஐந்து குதிரைத் திறன் என்பது 3.7 கிலோவாட். இரண்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7.5 யூனிட். அதற்கு 45 கிலோ மின்கலம் வேண்டும், உங்களில் ஒருவரின் எடை. ஏரிப் படகுக்கு அது பாரமே அல்ல. கடலில் நாள் முழுதும் வேகமாக ஓடவேண்டிய வள்ளத்துக்கோ கணக்கு ஒத்துவராது. வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேரை ஏற்றும் ‘ஆதித்யா’ என்ற படகு, 2017 ஜனவரியில் தொடங்கி, கூரையில் பதித்த சூரியத் தகடுகளையும் மின்கலங்களையும் கொண்டே ஓடலாயிற்று. குறுகிய தூரம், மிதமான வேகம், ஒவ்வொரு முறையும் அதே கரைக்குத் திரும்பும் வழி. நம் பூலாம்பட்டித் துறையின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.