நிலத்தில் ஒரு கால், ஆலையில் ஒரு கால்

சோலையார்பேட்டையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், திருப்பத்தூருக்கும் மொரப்பூருக்கும் இடையே அமைந்த சிறியதொரு நிலையம் சாமல்பட்டி. விரைவு வண்டிகளில் பல இங்கு நிற்பதில்லை. சன்னலோரம் அமர்ந்திருக்கும் பயணியின் கண்ணில் மாந்தோப்புகளும் புளியமரங்களும் கரும்பாறைக் குன்றுகளும் பட்டு மறைகின்றன, அவ்வளவே. ஆனால் விடியுமுன் இவ்வட்டாரத்துச் சாலைகளில் நின்று பார்ப்போருக்கு வேறொரு காட்சி தென்படும். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சோற்றுப் பாத்திரமுமாக, ஆலைப் பேருந்துக்காக இளம்பெண்கள் காத்து நிற்கின்றனர். அதே வேளையில், அவர்களுடைய தாய்மார் மாட்டைக் கறந்துவிட்டுத் தோப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கின்றனர்.

ஒரே வீட்டில் இரண்டு உலகங்கள். மே முதல் நாளில் தொழிலாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பரின் விழாவைக் கொண்டாடும் நாம், அவ்விரண்டு உலகங்களையும் இணைத்துத் தாங்கும் குடும்பத்தைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

வறண்ட நிலமும் வழிகாட்டிய இருப்புப்பாதையும்

இது வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, சாமை, கொள்ளு, நிலக்கடலை ஆகியவையே நெடுங்காலம் இம்மக்களுக்குச் சோறிட்டவை. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சம், அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதியையும் கொடுமையாக வாட்டியது. 1871இல் எடுத்த குடிக்கணக்கைவிட 1881இல் எடுத்த கணக்கில் அம்மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்து காணப்பட்டது என்றால், அப்பஞ்சத்தின் கோரத்தை என்னென்று சொல்வது!

பின்னர் 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் தனித்தனியே பிரிந்தன. எல்லைக்கோடுகள் மாறினவே தவிர, மழையின் போக்கு மாறவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் ஆண்கள் இரயிலேறினர். பெங்களூரின் கட்டடங்களில் கல்லும் மண்ணும் சுமந்தவர்களுள் இப்பகுதியினர் ஏராளம். ஊரிலேயே தங்கியவர்களுள் சிலர் கருங்கல் குவாரிகளில் தூசியைச் சுவாசித்து உழைத்தனர். பெண்களோ வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எடைக்கு இவ்வளவு கூலி என்று புளி தட்டிக் கொட்டை எடுத்தனர். பிழைப்புக்காகத் தம்மை மாற்றிக்கொள்வது இம்மக்களுக்குப் புதிதன்று.

நீரைத் தேடிய கதை

கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூர் அருகே தமிழகத்திற்குள் நுழைகிறது. 1957இல் கிருஷ்ணகிரி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது, ஆற்றோரத்து வயல்கள் பசுமை கண்டன. ஆனால் கால்வாய் எட்டாத ஊர்களே மிகுதி. அவ்வூர்களில் கிணறுகள் வற்றின. ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. நூறு அடியில் கிடைத்த நீர், பின்னர் பல நூறு அடிக்குக் கீழே சென்றது. கடன் வாங்கித் துளையிட்டவனுக்குச் சில வேளைகளில் கிடைத்தது பாறைத்தூள் மட்டுமே.

ஆழத்திலிருந்து வந்த நீரும் நல்ல நீராக இருக்கவில்லை. பாறைகளிலிருந்து கரைந்த ஃபுளோரைடு அளவுமீறிக் கலந்திருந்ததால், குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. முதியோர் சிலரின் எலும்பும் மூட்டும் இறுகின. இந்நோயைத் தடுக்கும் நோக்கத்துடனேயே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

தென்பெண்ணைக்கு நேர்ந்தது இன்னொரு துன்பம். பெருநகரத்தின் கழிவு அதில் கலப்பதால், ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்திலிருந்து வெளியேறும் நீரில் வெண்ணுரை மலைபோல் பொங்கி நிற்பதைப் பலமுறை செய்தித்தாள்களில் கண்டிருக்கிறோம். வேலை கொடுத்த நகரமே அழுக்கையும் அனுப்பி வைக்கிறது. எல்லையோர மக்கள் இவ்விரண்டையும் ஒருசேர ஏற்க வேண்டியவர்களாகிறார்கள்.

மா தந்த நம்பிக்கை

குறைந்த நீரில் தாக்குப்பிடிக்கும் மரம் மா. ஆகவே மானாவாரி நிலங்கள் மெல்ல மெல்ல மாந்தோப்புகளாயின. இன்று தமிழகத்தில் மா விளைச்சலுக்குப் பெயர்பெற்ற மாவட்டம் கிருஷ்ணகிரி. 'பெங்களூரா' எனப்படும் கிளிமூக்கு மாங்காய் இங்குள்ள ஆலைகளில் கூழாக்கப்பட்டு அயல்நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அறிவோடு செய்த மாற்றமே இது; மறுப்பதற்கில்லை.

எனினும் ஒரே மரத்தை, ஒரே வகையை, ஒரே வகை ஆலையை நம்பியிருப்பதில் ஆபத்தும் ஒளிந்திருந்தது. 2024 கோடையின் கடும் வெப்பத்தில் பூவும் பிஞ்சும் கருகின, விளைச்சல் குறைந்தது. மறு ஆண்டு 2025இல் மரங்கள் கொள்ளாமல் காய்த்தன. ஆனால் வாங்குவோர் இல்லை. கிலோ 5 ரூபாய் என்ற அளவுக்கு விலை சரிந்தது. காய் பறிக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் அது போதவில்லை. காய்க்காவிட்டாலும் நட்டம், காய்த்தாலும் நட்டம் என்ற நிலையில் உழவன் யாரை நோவான்?

ஒரே நாளில் பெய்த மழை

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே வந்தது மற்றொரு சோதனை. 2024 டிசம்பர் முதல் நாள், ஏற்கெனவே கரையைக் கடந்திருந்த 'ஃபெஞ்சல்' புயல் உள்நாட்டிலே தயங்கி நின்றது. மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 சென்டிமீட்டர். ஓராண்டு முழுவதும் இம்மாவட்டத்தில் பெய்யும் சராசரி மழையில் பாதிக்கு மேற்பட்டது அது! ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்றிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துச் சென்ற காட்சியை நாடே கண்டு திகைத்தது.

நீருக்காக ஏங்கிய மண் நீராலேயே அழிந்தது. வரத்துக் கால்வாய்கள் தூர்ந்து, ஏரிகளின் வடிகால்கள் குறுகிய இடங்களில் நீர் தன் பழைய வழியைத் தானே தேடிக்கொள்ளும். வானிலை மாறுகிறது என்பது ஏட்டில் படிக்கும் செய்தியாக இருந்தது. இப்போது நம் வாசலில் சேறாகப் படிந்துவிட்டது.

ஆலை வந்த வழி

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில் 1970களில் அரசு தொழிற்பேட்டை அமைத்தது. 1980இல் அங்கிருந்து டி.வி.எஸ். 50 வண்டி வெளிவந்தது. அசோக் லேலண்ட் நிறுவனமும் அவ்வாண்டிலேயே அங்கு கால்பதித்தது. அதே பத்தாண்டில் டைட்டன் கடிகார ஆலை தொடங்கியபோது, கிராமத்துப் பள்ளிகளில் படித்த இளைஞரையும் இளம்பெண்களையும் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளித்தது. கொள்ளு விதைத்த கைகள் நுண்ணிய கடிகாரச் சக்கரங்களைப் பொருத்தக் கற்றுக்கொண்டன.

பின்னர் தொழில், பர்கூருக்கும் போச்சம்பள்ளிக்கும் பரவியது. ஓலா நிறுவனம் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை அமைத்து, பெண்களே நடத்தும் ஆலை அது என 2021இல் அறிவித்தது. ஓசூரை ஒட்டிய மின்னணு ஆலைகளிலும் பெருந்தொகையாகப் பெண்கள் பணிபுரிகின்றனர். ஆண்கள் இரயிலேறிய காலம் போய், பெண்கள் பேருந்தேறும் காலம் வந்திருக்கிறது.

ஆனால் ஆலை வருமானமும் அசையாத பாறையன்று. ஒப்பந்தப் பணி முடிந்தால் வீடு திரும்ப வேண்டும். சந்தை சரிந்தால் ஆட்குறைப்பு. இரவுப் பணியும், நெடுநேரம் நின்று உழைப்பதும் உடலை வாட்டுகின்றன. நிலத்தில் ஒரு கால், ஆலையில் ஒரு கால் என்று நிற்கும் குடும்பத்திற்கு இரண்டு காலின்கீழும் தரை அசைகிறது.

மகளைக் கேட்டார்களா?

இப்படியொரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. தந்தைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மகள் ஆலையில் மூன்றாண்டாக வேலை செய்கிறாள். மகன் கல்லூரியில் படிக்கிறான். ஓரிரவு, உணவுக்குப்பின் தந்தை பேச்சைத் தொடங்குகிறார்.

"இனி இந்தத் தோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டுத் தம்பியின் படிப்பை முடித்துவிடலாம்."

தாய் மௌனமாயிருக்கிறாள். மகள் மெல்லச் சொல்கிறாள்: "அப்பா, விற்பதற்குமுன் என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள். போன ஆண்டு மருந்தடித்த கடனை என் சம்பளத்தில்தானே அடைத்தோம்? நாளைக்கு என் வேலை போய்விட்டால், நான் திரும்பிவர இந்தத் தோப்பாவது இருக்கட்டும் என்றுதானே அடைத்தேன்?"

தந்தையிடம் பதிலில்லை. அவர் கொடியவரல்லர். மகளின் சம்பளத்தை அவர் என்றும் நன்றியோடுதான் வாங்கியிருக்கிறார். அந்தச் சம்பளத்தோடு அவளுடைய எண்ணமும் அந்த மண்ணில் கலந்திருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நம்மில் எத்தனை தந்தையருக்குத் தோன்றியிருக்கிறது? மாறும் காலத்தின் சுமையைக் குடும்பத்தில் ஒருவர் தோளிலேயே, பெரும்பாலும் ஒரு மகளின் தோளிலேயே, ஏற்றிவிட்டு, 'சமாளித்துக்கொண்டோம்' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

நம் வாசகர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் கிறிஸ்தவப் பெற்றோரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. 'சீர் கொடுத்து அனுப்பிவிட்டோம்' என்பது அப்பங்குக்கு ஈடாகாது.

இம்மண்ணே கண்ட வழி

சுமையைப் பகிர்ந்துகொள்ளும் வழியை இம்மண்ணின் பெண்கள் முன்பே கற்றவர்கள். 1989இல், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழக அரசு மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது, அன்றைய தருமபுரி மாவட்டத்திலேதான். சாமல்பட்டியும் ஊத்தங்கரையும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கூடுவர். சிறு தொகை சேமிப்பர். தமக்குள்ளே கடன் கொடுத்துத் திருப்பிச் செலுத்துவர். பின்னர் வங்கி அவர்களை நம்பிக் கடன் கொடுக்கும். இம்முறை பிற்பாடு மாநிலமெங்கும் பரவியது. வறண்ட மாவட்டம் என்று ஏளனமாகப் பேசப்பட்ட ஊர், தமிழகத்திற்கு வழிகாட்டியது!

இன்று வீடு தேடிவந்து கடன் தரும் நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணைக்குள் பல பெண்கள் சிக்கியிருப்பதும் உண்மையே. சேமித்துக் கடன் பெறுவதற்கும், கடன் வாங்கிக் கடன் அடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்ததன் விளைவு அது. பழைய குழுவின் அடிப்படை ஒருவரையொருவர் அறிந்திருந்த நம்பிக்கை. அதை மீண்டும் கட்டியெழுப்ப இயலாதா?

பங்கு என்ன செய்யலாம்?

1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல், நீதியான ஊதியமும் சங்கம் அமைத்தலும் தொழிலாளரின் உரிமை என்று உலகுக்கு எடுத்துரைத்தது. 1981இல் புனித இரண்டாம் யோவான் பவுல், முதலைவிட உழைப்பே முதன்மையானது என்று கற்பித்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ், பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் பிரித்துப் பார்க்கலாகாது என்றார். 2025 மே 8இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, தம் பெயரைத் தெரிந்துகொண்டதற்கு 13ஆம் சிங்கராயரின் அத்தொழிலாளர் மடலையே முக்கிய காரணமாகக் காட்டினார். இப்போதனைகள் பீடத்தோடு நின்றுவிடலாகாது.

பங்குகள் செய்யக்கூடியவை பெரும் பொருட்செலவு வேண்டாதவை. மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப்பின், படித்த இளைஞர் சிலர் அமர்ந்து, ஆலைக்குச் செல்வோரின் சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டலாம்: சேமநல நிதி பிடிக்கப்படுகிறதா, ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டா, ஒப்பந்தம் எத்தனை மாதம்? ஆலைகளுக்கு அருகிலுள்ள பங்குகள், விடுதிகளில் தங்கும் வெளியூர்ப் பெண்களைத் தேடிச் சென்று நலம் விசாரிக்கலாம். பணிமுறைக்கு ஏற்பத் திருப்பலி நேரத்தை வகுக்கலாம். மா விவசாயிகள் தனித்தனியே தரகரிடம் செல்லாமல் ஒன்றுகூடி விலைபேசலாம். தோப்பின் ஒரு பகுதியிலாவது வேறு வகை மாவோ ஊடுபயிரோ வைத்துப் பார்க்கலாம். ஐப்பசி மழைக்கு முன், சாதி சமய வேறுபாடின்றி ஊராருடன் சேர்ந்து வரத்துக் கால்வாய்களைத் தூர்வாரலாம். வெள்ளம் எந்த வீட்டின் சமயத்தையும் கேட்டுவிட்டு நுழைவதில்லை அல்லவா?

மே முதல் நாளைத் தொழிலாளராகிய சூசையப்பரின் விழாவாக 1955இல் நிறுவினார் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர். அப்புனிதரை நாம் தச்சுப் பட்டறையில் வைத்தே நினைக்கிறோம். ஆனால் அவர், குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குச் சென்றவர்; அந்நிய நாட்டில் வேலை தேடியவர்; மீண்டும் ஊர் திரும்பியவர். இடம்பெயர்ந்த தொழிலாளியின் கவலை அவருக்குத் தெரியும்.

இம்மாதத்தில் அவருடைய பரிந்துரையை வேண்டி மன்றாடும் நாம், வீடு திரும்பியதும் ஒன்று செய்வோம். தோப்பைப் பற்றியோ, கடனைப் பற்றியோ, படிப்பைப் பற்றியோ பேச அமரும்போது, விடியுமுன் பேருந்தேறும் அந்த மகளுக்கும் ஒரு இருக்கை போடுவோம். அவள் பேசி முடிக்கும்வரை காத்திருப்போம்.