தோற்காலணி

பாலாற்றங்கரையிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர்பெற்றவை. ஆடுமாடுகளின் பச்சைத் தோல் விரைவில் அழுகும் இயல்பினது. அதனைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரும் ஊனும் களைந்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் நெடுநாள் இட்டுவைத்தல் பழைய முறை. அவற்றின் துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு கூடி, அவை அழுகாதவாறு காக்கின்றது. குரோமிய உப்பினால் விரைவிற் பதனிடும் முறை பின்னர் வந்தது. இக்காலக் காலணிகளின் மேல்தோல் பெரும்பாலும் இவ்வாறு பதனிடப்பட்டதே. பதனிடுமிடங்களின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தமை குறித்து உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் தீர்ப்பு வழங்கிற்று. ஓர் உயிரின் தோலும், பலர் உழைப்பும், ஓர் ஆற்றின் நீரும் செலவாகி உருவாகும் பொருள் ஓராண்டிற் குப்பையாதல் தகுமோ? அறிந்து வாங்கிப் பேணினால் அது பல்லாண்டு உழைக்கும்.

தோலின் மேற்பகுதியில் நார்கள் நெருங்கிப் பின்னியிருத்தலின் அது வலியது, கீழ்ப்பகுதி தளர்ந்தது. தடித்த மாட்டுத்தோலை இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பாளத்தின்மீது கனமான பூச்சிட்டு, மேற்பாளம்போலத் தோன்றச் செய்வதும் உண்டு. கடை விளக்கொளியில் இரண்டும் ஒருபடியாகவே மின்னும். ஆகலின் கண்ணைவிடக் கையை நம்புதல் நன்று. விரலால் அழுத்துங்கால் நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் தோன்றி, விரலை எடுத்ததும் மறையும். மயிர்க்கால்களின் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். அவை ஒரே சீராக அமைந்திருப்பின் அச்சிட்டவை என ஐயுறலாம். வெட்டிய விளிம்பில் நாருக்கு மாறாகத் துணி தெரியுமாயின் அது தோலே அன்று. அடிப்பகுதி ஒட்டப்பட்டதா, தைக்கப்பட்டதா என்பதையும் நோக்குதல் வேண்டும். தைத்ததைப் பிரித்துப் புதிய அடி இடுதல் எளிது.

நடந்து களைத்த பாதம் மாலையிற் சற்றே பருத்திருக்கும். காலையிற் பொருந்திய காலணி மாலையிற் கடிப்பது அதனாலேயாம். ஆகவே மாலைப்பொழுதே வாங்குதற்கு ஏற்றது. இரு பாதங்களும் பெரும்பாலும் ஒரே அளவின அல்ல. பெரிய பாதத்திற்குப் பொருந்துவதையே கொள்ளல் வேண்டும். ‘அணிய அணிய இளகும்’ என்னும் விற்போர் கூற்று அகலத்திற்கு ஓரளவு பொருந்தும், நீளத்திற்குப் பொருந்தாது.

மழையில் நனைந்த காலணியை அடுப்பருகே வைத்து உலர்த்துவோர் பலர். அதனினும் பெரிய தீங்கு வேறில்லை. நார்கள் ஒன்றன்மேலொன்று வழுக்கி அசைதற்பொருட்டுப் பதனிடுவோர் தோலில் எண்ணெய்ப் பசையைச் சேர்த்துள்ளனர். வெப்பத்தால் நீர் விரைந்து நீங்கவே, நார்கள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. தோல் விறைத்து, மடிப்புகளில் வெடிக்கின்றது. பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, அது ஈரமானபோது மாற்றி, காற்றோட்டமான நிழலில் உலரவிடுதலே முறை. வியர்வையும் ஈரமே, ஆதலால் இரு இணை உடையோர் ஒன்றுவிட்டொருநாள் மாற்றி அணிதல் நலம். உலர்ந்தபின் தூசியைத் துடைத்துப் பசை தடவுதல் வேண்டும். மண்ணோடு தேய்ப்பது தோலை அராவுவதாகும். நாட்டுச் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி ஊறவிடும் சிற்றூர் வழக்கமும் இழந்த பசையை ஈடுசெய்வதே.

சுவேடு என்னும் தோலுக்கு இம்முறை ஆகாது. சுவீடனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே அதன் பெயர். அந்நாட்டுக் கையுறைகளால் அப்பெயர் வந்தது. தோலின் உட்புறத்தைத் தேய்த்து, பூம்பட்டுப்போல நுண்ணிய இழைகள் எழச் செய்தது அது. மெழுகுப்பசை பட்டால் இழைகள் படிந்து பாழாகும். சேறு பட்டவுடன் துடைத்தால் உள்ளே பரவும். காயவிட்டுத் தூரிகையால் துலக்கினால் உதிர்ந்துவிடும். எண்ணெய்க் கறைமீது முகப்பூச்சுத் தூளைத் தூவி ஓரிரவு வைத்தால் அது பெரும்பகுதியை உறிஞ்சும்.

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பிளாஸ்டிக் பையிற் கட்டிவைத்த காலணியில் பூஞ்சணம் படரும், துணிப்பையே ஏற்றது.

குதியின் ஒருபுறம் தேய்ந்த காலணியை, தேய்வு மேல்தோலை எட்டுமுன் தெருமுனையில் அமர்ந்து தைப்பவரிடம் கொண்டுசென்றால், சிறு துண்டொன்றை வைத்து அடித்துக் கொடுப்பார். எட்டியபின் கொண்டுசென்றால், கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்.