எம்.ஐ.டி. பட்டதாரிகளுக்கே 'பல்பு' கொடுத்த பேட்டரி: எவ்வளவு கரன்ட் பாயும் என்பதை முடிவு செய்வது யார்?

ஒரு பேட்டரி, ஒரு குட்டி டார்ச் பல்பு, ஒரே ஒரு ஒயர். கையில் இவ்வளவுதான் இருக்கிறது. பல்பை எரிய வைக்க முடியுமா?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பட்டமளிப்பு நாளன்று, அங்கியும் தொப்பியுமாக நின்ற புதுப் பட்டதாரிகளிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. முடியும் என்ற நம்பிக்கையோடு வாங்கியவர்களில் சிலர், ஒயரை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்து, கடைசியில் 'பல்பு' வாங்கியதுதான் மிச்சம். 1997-ல் வெளியான 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற ஆவணப்படத்தில் இந்தக் காட்சி வருகிறது.

விஷயம் பல்பின் அடியில் இருக்கிறது. டார்ச் பல்புக்கு இரண்டு தொடுமுனைகள் உண்டு. ஒன்று, அடியில் தெரியும் சின்னப் புள்ளி. இன்னொன்று, பக்கவாட்டில் இருக்கும் உலோக மரை. உள்ளே இருக்கும் இழையின் ஒரு முனை புள்ளியிலும் மறுமுனை மரையிலும் முடிகிறது. புள்ளியை பேட்டரியின் தலையில் வைத்து, பேட்டரியின் அடியிலிருந்து வரும் ஒயரை மரையில் தொட்டால் போதும், எரியும். மரையை மறந்துவிட்டு, எல்லாவற்றையும் புள்ளியிலேயே கொண்டுபோய் வைத்தால் எரியாது. கரன்ட் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி வேண்டும்.

இது கொஞ்சம் ஈசி. அடுத்த கேள்விதான் சிக்கல்.

ஐந்து பல்பு, மூன்று பேட்டரி

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் லில்லியன் மெக்டெர்மாட்டும் அவருடைய சக ஆய்வாளர் பீட்டர் ஷாஃபரும் கல்லூரி மாணவர்களிடம் கேட்ட கேள்வி இது. ஒரே மாதிரியான மூன்று பேட்டரிகள். முதல் பேட்டரியில் ஒரு பல்பு. இரண்டாவதில் இரண்டு பல்புகள், ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது தொடர் இணைப்பில். மூன்றாவதிலும் இரண்டு பல்புகள், ஆனால் பக்கவாட்டு இணைப்பில். ஒவ்வொன்றும் நேராக பேட்டரியின் இரு முனைகளோடு சேர்ந்திருக்கும். ஐந்து பல்புகளையும் வெளிச்சத்தின்படி வரிசைப்படுத்த வேண்டும்.

வழக்கமான இயற்பியல் வகுப்புகளில் பாடம் முடித்தவர்களில் சரியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம் பேர்தான் என்று 1992-ல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை சொல்கிறது.

சரியான விடை: தனிப் பல்பும், பக்கவாட்டில் உள்ள இரண்டும் ஒரே அளவு பிரகாசம். தொடரில் உள்ள இரண்டும் மங்கல், ஆனால் இரண்டும் சமமான மங்கல்.

இங்கே தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் விழுகிறார்கள். ஒன்று, முதல் பல்பு கரன்டைச் 'சாப்பிட்டுவிட்டு' மிச்சத்தை அடுத்த பல்புக்கு அனுப்புகிறது என்ற நினைப்பு. அப்படி நடப்பதில்லை. பல்புக்குள் எவ்வளவு கரன்ட் போகிறதோ, அவ்வளவும் மறுபக்கம் வெளியே வருகிறது. செலவாவது பேட்டரியில் இருக்கும் ஆற்றல். அதுதான் வெளிச்சமாகவும் சூடாகவும் மாறுகிறது.

இரண்டாவது நினைப்பு இன்னும் ஆழமானது. பேட்டரி எப்போதும் ஒரே அளவு கரன்டைத் தரும், அதைப் பல்புகள் பங்குபோட்டுக் கொள்ளும் என்பது. உண்மையில் பேட்டரி தருவது கரன்ட் அல்ல, ஒரு தள்ளு. அதைத்தான் வோல்ட்டில் சொல்கிறோம். எவ்வளவு கரன்ட் பாயும் என்பது, எதிரே என்ன மாட்டியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1.5 வோல்ட் பேட்டரியில் 5 ஓம் மின்தடை உள்ள பல்பை மாட்டினால் 0.3 ஆம்பியர். பக்கவாட்டில் இன்னொன்றைச் சேர்த்தால் அதற்கும் தனியாக 0.3. மொத்தம் 0.6 ஆம்பியர். வெளிச்சம் குறையாது, பேட்டரிதான் சீக்கிரம் தீரும். தொடரில் மாட்டினால் தடை கூடுகிறது, கரன்ட் குறைகிறது, பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

கணக்குப்படி தொடரில் கரன்ட் சரிபாதியாக வேண்டும். நிஜ பல்பில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். இழை மங்கலாக எரியும்போது சூடு குறைவு, சூடு குறைந்தால் தடையும் குறைவு. குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும் அந்த நொடியில் ஃபியூஸ் போவதற்கும் இதுதான் காரணம். குளிர்ந்த இழையில் முதலில் ஒரு பெரிய அளவு கரன்ட் பாய்ந்துவிடுகிறது.

எலக்ட்ரீஷியன் கையில் இருக்கும் குண்டு பல்பு

திருவிழாவுக்குக் கட்டும் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் அணைந்துவிடும். 6 வோல்ட் பல்புகளை 230 வோல்ட்டில் எரிய வைக்க, கிட்டத்தட்ட 38 பல்புகளை வரிசையாகக் கோத்தால்தான் சரியாக வரும். ஆளுக்கு 6 வோல்ட். நடுவில் ஒன்று அறுந்தால் எல்லோருக்கும் வழி அடைபடும். இன்றைய எல்.இ.டி. சரங்களிலும் ஒரு பகுதி மட்டும் அணைந்து கிடப்பதற்குக் காரணம், அந்தப் பகுதிக்குள் இருப்பது தொடர் இணைப்பு.

இதே தொடர் இணைப்பை எலக்ட்ரீஷியன்கள் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறார்கள். ரிப்பேருக்கு வந்த அயர்ன் பாக்ஸையோ மோட்டாரையோ அவர்கள் உடனே பிளக்கில் சொருகுவதில்லை. ஒரு குண்டு பல்போடு தொடரில் இருக்கும் 'சீரிஸ் போர்டில்' மாட்டுவார்கள். உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஃபியூஸும் போகாது, புகையும் வராது. கரன்ட் அந்த பல்பின் தடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும் என்பதால், ஷார்ட் ஆன பொருளால் இஷ்டத்துக்கு இழுக்க முடியாது.

அதே போர்டில் 40 வாட் குண்டு பல்பையும் 100 வாட் குண்டு பல்பையும் தொடரில் மாட்டினால் எது பளிச்சென்று எரியும்? 40 வாட்தான். அதன் தடை சுமார் 1,320 ஓம், 100 வாட்டுக்கு சுமார் 530 ஓம். இரண்டிலும் ஒரே கரன்ட் பாயும்போது, தடை அதிகம் உள்ளது அதிக ஆற்றலை எடுத்துக்கொள்ளும். அட்டையில் போட்டிருக்கும் வாட், 230 வோல்ட் முழுசாகக் கிடைத்தால் மட்டுமே பொருந்தும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏன் சூடாகிறது?

வீட்டு ஒயரிங் முழுக்க பக்கவாட்டு இணைப்பு. ஃபேனை நிறுத்தினால் டி.வி. அணையாது. இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு: சொருகச் சொருக மொத்த கரன்ட் ஏறிக்கொண்டே போகும்.

பேச்சிலர் ரூமில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 1,500 வாட் கெட்டிலும் 1,000 வாட் அயர்ன் பாக்ஸும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 6.5 ஆம்பியர், இரண்டாவது 4.3. மொத்தம் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். பாக்ஸ் 6 ஆம்பியருக்கானது என்றால், அதன் ஒயரில் உண்டாகும் சூடு இரண்டு மடங்கு அல்ல, மூன்று மடங்கைத் தாண்டும். சூடு, கரன்டின் இருமடி விகிதத்தில் ஏறும். 'எம்.சி.பி. இருக்கே, ட்ரிப் ஆகிடும்' என்று நம்பி இருப்பதும் ஆபத்து. சுவரில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், 11 ஆம்பியரை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அது காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் ஒயரை. வெளியே கிடக்கும் மெல்லிய ஒயரைப் பற்றி அதற்குத் தெரியாது. பிளக்கைத் தொட்டால் சுடுகிறது என்றால் இரண்டில் ஒன்றை உடனே கழற்றிவிட்டு, கெட்டிலை சுவரில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றுவது நல்லது.

பெரிய சார்ஜர் போனைக் கெடுக்குமா?

ஒரு ஆம்பியர் சார்ஜர் போதும் என்ற பழைய போனை 3 ஆம்பியர் சார்ஜரில் போடப் பலரும் பயப்படுகிறார்கள். சார்ஜரில் எழுதியிருக்கும் ஆம்பியர், அது திணிக்கும் அளவு அல்ல, கேட்டால் அதிகபட்சம் தரக்கூடிய அளவு. 5 வோல்ட் யு.எஸ்.பி. சார்ஜர் என்றால், போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சர்க்யூட் தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியது வோல்ட்டைத்தான். 5 வோல்ட் கருவியில், பின் பொருந்துகிறதே என்று 12 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் கருவி கருகிப்போக வாய்ப்பு அதிகம். ஃபாஸ்ட் சார்ஜர்கள் 9 வோல்ட் வரையும் அதற்கு மேலும் போகுமே என்றால், அவை முதலில் போனோடு பேசிப் பார்க்கும். போன் கேட்காதவரை 5 வோல்ட்டிலேயே நிற்கும்.