கடல் கடந்த கைத்தொலைபேசி

வெளிநாடு செல்வோர் தம் கைத்தொலைபேசியையும் உடன் கொண்டு செல்கின்றனர். அதன் வீடு மட்டும் ஊரிலேயே நின்றுவிடுகிறது என்பதை நம்மவர் பலர் எண்ணுவதில்லை எனக் கண்டிருக்கிறேன்.

சிம் அட்டையினுள் நம் கண்ணுக்குப் புலப்படாத ஓர் அடையாள எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன, இலங்கைக்கு 413. நாம் பாரிஸ் நகரில் இறங்கியதும், ஆங்குள்ள வலையமைப்பு அவ்வெண்ணைப் படித்து, இலங்கையிலுள்ள தாய் நிறுவனத்தை வினவி, அது பொறுப்பேற்ற பின்னரே இடந்தருகிறது. விருந்தினனுக்கு ஊரவர் பிணை நிற்பது போன்றதே இது.

இதன் விளைவு விந்தையானது. லாச்சப்பல் வீதியில் நிற்கும் இருவர் தம் இலங்கை எண்களிற் பேசினால், அழைப்பு இலங்கைக்குச் சென்று மீண்டும் பாரிசுக்கே வரும். அழைப்பை ஏற்பவரும் பெரும்பாலும் பணம் செலுத்த நேர்வது இதனாலேதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 இல் தன் நாடுகளுக்கிடையே இம்மேலதிகக் கட்டணத்தை நீக்கியது. அச்சலுகை நம் அட்டைக்கு இல்லை. ஆகவே புறப்படுமுன் 'ரோமிங்' எனப்படும் வெளிநாட்டுத் தரவு இணைப்பை நிறுத்துவதும், சென்ற நாட்டுச் சிம் அட்டையை இரண்டாவதாக இடுவதும் நன்று என்பேன். ஆயினும் ஊர் எண்ணை முற்றாக அணைத்தல் ஆகாது. நள்ளிரவில் தாய்க்கு ஏதும் நேரின், வீட்டார் அழைப்பது அவ்வெண்ணையே. ஒரு நிமிடத்தின் விலையை அப்போது யார் கணக்கிடுவார்?