தேவதாரு மரத்தின் இயல்பும் பயனும்

மேற்கு இமயமலையின் ஊசியிலை மரங்களுள் மிகுந்த மதிப்புடையது தேவதாரு ஆகும். காச்மீரம், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகிய பகுதிகளில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,200 முதல் 3,000 மீட்டர் வரை இது வளர்கின்றது. தென்னாட்டின் வறண்ட காடுகளில் தேவதாரம் அல்லது செம்புளிச்சான் என வழங்கும் சிறுமரம் இதனின் வேறானது. அது ஊசியிலை மரமன்று.

நல்ல மண்ணில் இம்மரம் 45 மீட்டருக்கு மேலும் ஓங்கி வளரும். சிர் பைன் மரத்தில் ஊசியிலைகள் மும்மூன்றாக அமைந்திருக்கும். தேவதாருவிலோ குறுங்கிளைகளின் நுனியில் பலவாகக் கொத்துக் கொத்தாக அமைந்திருக்கும். பீப்பாய் வடிவான கூம்புகள் கிளையின்மேல் நிமிர்ந்து நிற்கும். இவ்விரு அடையாளங்களையும் மாணவர்க்குக் காட்டினால் மரத்தை எளிதில் அறிந்துகொள்வர்.

இதன் சிறப்பு வைரப்பகுதியில் உள்ளது. மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுடைய அப்பகுதியில் நறுமண எண்ணெய் செறிந்துள்ளது. அதனால் கறையானும் பூஞ்சணமும் அதனை எளிதில் தாக்குவதில்லை. வெளுத்த மென்மரப் பகுதிக்கு அவ்வுறுதி இல்லை. ஆகவே, நீடித்து நிற்க வேண்டிய வேலைக்கு மென்மரத்தை நீக்கிவிட்டே பயன்படுத்த வேண்டும். சிறீநகரின் ஜாமியா பள்ளிவாசலில் 300-க்கு மேற்பட்ட தேவதாருத் தூண்கள் நிற்கின்றன. வீடு, பாலம் ஆகியவற்றிற்கும் இம்மரம் நெடுங்காலமாகப் பயன்பட்டுள்ளது. எண்ணெயை வடித்தெடுத்து நறுமணப் பொருள்களில் சேர்க்கின்றனர். மலைவாழ் மக்கள் கால்நடைகளின் தோல் நோய்க்கும் பூசுகின்றனர்.

இவ்வுறுதியே மரத்திற்குக் கேடாகவும் முடிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதைக் கட்டைகளுக்காக எண்ணற்ற தேவதாரு மரங்கள் வெட்டப்பட்டு, சீனாப், யமுனை முதலிய ஆறுகளின் வழியே மிதக்கவிடப்பட்டன. மரத்தேவை காடுகளை விஞ்சியதால், 1864-இல் வனத்துறை அமைக்கப்பட்டது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வைக்கப்பட்டுள்ள ஒரு தேவதாருத் துண்டில் 700-க்கு மேற்பட்ட ஆண்டு வளையங்கள் உள்ளன. அத்தகைய மரத்தை ஒரு நாளில் வீழ்த்தலாம். மீண்டும் பெறப் பல தலைமுறைகள் வேண்டும்.

எனவே, விதை சேகரிப்பில் களப்பணியாளர் தனிக்கவனம் செலுத்துதல் வேண்டும். கூம்புகள் முதிர ஓராண்டிற்கு மேலாகும். பைன் கூம்புபோல் இது முழுமையாகக் கீழே விழுவதில்லை; மரத்திலேயே செதில் செதிலாகச் சிதைந்து, சிறகுள்ள விதைகளைக் காற்றில் விட்டுவிடும். ஆதலின், அக்டோபர் அளவில் கூம்பு பழுப்பு நிறம் கொண்டவுடன், அது சிதையுமுன் பறித்தல் வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள விதை விரைவில் முளைப்புத்திறன் இழக்குமாதலால், தாமதமின்றி விதைப்பது நன்று. இளங்கன்றுகளுக்குச் சிறிது நிழலும், மேய்ச்சலினின்றும் தீயினின்றும் பாதுகாப்பும் இன்றியமையாதவை.