பாட்டனாரைத் தேடும் தேசம்

நம்மில் பலருக்குப் பாட்டனார் பெயர் தெரியும். கொள்ளுப் பாட்டனார் பெயரும் சிலருக்குத் தெரிந்திருக்கும். சிராத்தம் செய்கிற குடும்பங்களில் மூன்று தலைமுறைகளின் பெயர்கள் வருஷந்தோறும் உச்சரிக்கப்படுவதால் அவை மறந்து போவதில்லை. அதற்கு அப்பால் யார் என்று கேட்டால், குலதெய்வத்தின் கோயில் இருக்கும் திசையைக் காட்டி, "அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள்" என்று சொல்லி நிறுத்திக் கொள்வோம். நமக்கு அது போதும். ஊர் இருக்கிறது; கோயில் இருக்கிறது; சண்டை போடவாவது பங்காளிகள் இருக்கிறார்கள்.

ஊரை விட்டு வந்தவர்களும், ஊரிலிருந்து பறித்துக்கொண்டு வரப்பட்டவர்களும் சேர்ந்து உண்டான ஒரு தேசத்தில் இந்த வசதி ஏது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவருடைய கொள்ளுப் பாட்டனார் ஒரு மாகாணத்தில் பிறந்து, இரண்டாவது மாகாணத்தில் விவாகம் செய்துகொண்டு, மூன்றாவது மாகாணத்தில் மண்ணுக்குள் போயிருப்பார். ஆகையால் வம்ச விருத்தாந்தம் தேடுவது அங்கே ஏராளமான சாதாரணக் குடும்பங்கள் ஈடுபட்டிருக்கும் காரியம். அவர்கள் தேடிப் போகும் இடம் கவுண்டிக் கச்சேரி.

கச்சேரிப் புத்தகங்கள்

கவுண்டி என்பது ஏறக்குறைய நமது தாலுகாவைப் போன்ற பிரிவு. 1634-ம் வருஷத்தில் வர்ஜீனியா எட்டுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டது. இன்று அந்தத் தேசத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒரு தலைநகர் உண்டு. அதில் ஒரு கோர்ட்டுக் கட்டடம். கட்டடத்தில் ஒரு குமாஸ்தா. அவர் வசத்தில் கனமான புத்தகங்கள்.

நிலம் கைமாறினால் கிரயப் பத்திரத்தின் நகல் அந்தப் புத்தகத்தில் ஏறும். ஒருவர் இறந்தால் உயில் ஏறும். அவர் வீட்டிலுள்ள ஏர், பசு, பாத்திரம், படுக்கை எல்லாவற்றையும் அயலார் சிலர் வந்து எண்ணி விலை மதித்த ஜாபிதாவும் ஏறும். தகப்பனற்ற குழந்தைகளுக்குக் கார்டியன் யார், வரி கட்டியவர் யார், ஜூரியில் அமர்ந்தவர் யார், இன்ன சாலையைச் செப்பனிட வேண்டியவர் யார் என்பனவும் அப்படியே. வர்ஜீனியாவின் நார்த்தாம்ப்டன் கவுண்டியில் 1632-ம் வருஷம் முதல் இடைமுறிவு இல்லாமல் கோர்ட்டுப் பதிவுகள் இருக்கின்றன என்றால் வியப்பாக இல்லையா?

ஜனத்தொகைக் கணக்கைப் பார்த்தால் போதாதோ என்று கேட்கலாம். போதாது. தேசம் முழுவதற்கும் முதல் கணக்கு எடுத்தது 1790-ல். ஆனால் 1840 வரையில் எடுத்த கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. மனைவி மக்கள் எல்லாரும் வெறும் எண்ணிக்கை. சுதந்திர மனிதர் ஒவ்வொருவர் பெயரையும் எழுதியது 1850-ல் தான். அதற்குப் பின்னும் 1890-ம் வருஷத்துக் கணக்கின் பெரும் பகுதி, 1921-ல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தினால் நாசமாயிற்று. எனவே 1850-க்கு முந்திய பாட்டனாரைக் காண வேண்டுமானால் கவுண்டிப் புத்தகமே கதி.

அந்தப் புத்தகத்தை எழுதிய குமாஸ்தா பிற்காலத்துப் பேரன் பேத்திகளை நினைத்து எழுதவில்லை. வரிக்காகவும் நிலத்துக்காகவும் கடனுக்காகவும் எழுதினார். ஆனாலும் போகிற போக்கில் அருமையான செய்திகளை விட்டுப் போயிருக்கிறார். ஓர் உதாரணம்: புருஷன் நிலத்தை விற்றால், தான் விதவையானால் அந்த நிலத்தில் தனக்குக் கிடைக்க வேண்டிய பங்கை விட்டுக் கொடுப்பதாக மனைவி சம்மதிக்க வேண்டும். புருஷனுடைய நிர்ப்பந்தத்துக்குப் பயந்து சம்மதிக்கிறாளோ என்று அறிய, அவளைத் தனியே அழைத்து விசாரிப்பார்கள். விசாரித்த விவரம் பத்திரத்தின் அடியில் ஒரு வரியாக எழுதப்படும். வேறு எந்தக் காகிதத்திலும் பெயர் ஏறாமல் வாழ்ந்து மறைந்த எத்தனையோ பெண்களின் பெயர் அந்த ஒரு வரியிலே மிஞ்சியிருக்கிறது.

தகப்பனார் விட்டுப் போன நிலத்தை மக்கள் சேர்ந்து விற்கும் பத்திரம் இன்னும் விசேஷமானது. அதில் பிள்ளைகள், பெண்கள், மாப்பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். அவர்களில் யார் எந்தத் தூரதேசத்துக்குக் குடி போய்விட்டார் என்பதும் பல சமயங்களில் தெரியும்.

வண்டிப் பாதைகள்

எந்தக் கவுண்டியின் புத்தகத்தைப் புரட்டுவது என்று தெரிய வேண்டுமானால், ஜனங்கள் எந்த வழியாகப் போனார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானியரும், அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்த ஸ்காட்டியரும் பிலடெல்பியாவில் ஏராளமாகக் கப்பலிலிருந்து இறங்கினார்கள். மேற்கே அப்பலேச்சியன் மலைத்தொடர் மதில்போல் நின்றது. ஆகவே அவர்கள் லங்காஸ்டர், யார்க் ஊர்களைக் கடந்து, பொட்டோமாக் நதியைத் தாண்டி, ஷெனந்தோவா பள்ளத்தாக்கின் வழியாகத் தெற்கே திரும்பி, வட கரோலினா வரையில் வண்டிகளோடு சென்றார்கள். இதுவே 'பெரிய வண்டிப் பாதை' என்பது. 1775-ல் டானியல் பூன் என்பவர் ஆட்களுடன் மரங்களை வெட்டி, கம்பர்லாந்து கணவாய் வழியாகக் கென்டக்கிக்கு ஒரு தடம் போட்டார். 1811-ல் மேரிலாந்தில் தொடங்கிய தேசிய ராஜபாட்டை 1818-ல் ஓஹாயோ நதிக்கரையிலுள்ள வீலிங் நகரை எட்டியது. 1825-ல் ஈரி கால்வாய் திறந்தது.

பூன் போட்ட தடத்தின் ஒரு பகுதி, பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்த பழைய பாதையே என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பாதையை அவர்களிடமிருந்து எடுத்துக் கொண்டவர்கள் நிலத்தையும் எடுத்துக் கொண்டார்கள்.

இந்தப் பாதைகளில் யாரும் தனியே போகவில்லை. அண்ணன் தம்பி, மாமனார் மருமகன், ஒரே சர்ச்சைச் சேர்ந்தவர், பக்கத்து நிலத்துக்காரர் என்று கூட்டமாகப் போய், போன இடத்திலும் பக்கத்தில் பக்கத்தில் நிலம் வாங்கினார்கள். ஆகவே கென்டக்கியில் உள்ள ஜான் ஸ்மித், வர்ஜீனியாவில் இருந்த எத்தனையோ ஜான் ஸ்மித்துகளில் எவர் என்ற சிக்கலை அவிழ்க்க ஓர் உபாயம் உண்டு. அவருடைய பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார், எல்லைக்கு அப்பால் இருந்தவர் யார் என்று பார்த்து, அந்தப் பெயர்களும் சேர்ந்து காணப்படும் பழைய கவுண்டியைத் தேட வேண்டும். அயலாரைக் கண்டுபிடித்தால் பாட்டனார் அகப்படுவார்.

வீடு நிற்க, கவுண்டி நகர்ந்தது

மற்றொரு சங்கடம் இருக்கிறது. கென்டக்கியில் 1774-ல் ஏற்பட்ட ஹாரட்ஸ்பர்க் என்னும் ஊருக்குப் பக்கத்தில் 1775-ல் ஒருவர் குடிசை போட்டுக்கொண்டு, 1792 வரையில் அசையாமல் அங்கேயே இருந்தார் என்று வைத்துக் கொள்வோம். குடிசை போட்டபோது அந்த இடம் வர்ஜீனியாவின் பின்காஸல் கவுண்டி. 1776-ன் முடிவில் அது கென்டக்கிக் கவுண்டி ஆயிற்று. 1780-ல் அதை மூன்றாக வகுத்தபோது லிங்கன் கவுண்டி. பிறகு அதிலிருந்து மெர்சர் கவுண்டி பிரிந்தது. 1792-ல் கென்டக்கி தனி மாகாணமாயிற்று. பதினேழு வருஷங்களில் நான்கு கவுண்டிகள், இரண்டு மாகாணங்கள். ஆனால் அவர் கூரையை மாற்றியதோ இல்லையோ, வீட்டை மாற்றவில்லை! கவுண்டிகள் பிரிந்த வரலாறு தெரியாதவர், பாட்டனார் ஊர் ஊராக அலைந்தார் என்று எழுதி விடுவார்.

எல்லாப் புத்தகங்களும் தப்பிப் பிழைக்கவும் இல்லை. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது வர்ஜீனியாவின் சில கவுண்டிகள் தங்கள் பதிவுகளைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ரிச்மண்டு நகருக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் அந்த நகரம் எரிந்தபோது அவையும் எரிந்தன.

பெயர் இல்லாத பக்கங்கள்

இதுவரை சொன்னது நிலம் வைத்திருந்தவர்களின் கதை. ஆனால் அந்தப் புத்தகங்களில் நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்து எழுதப்பட்ட மனிதர்களும் இருந்தார்கள்.

1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்கென்று தனி ஜாபிதா எடுத்தார்கள். அதில் எஜமானரின் பெயர் உண்டு. அடிமைகளுக்கோ வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்பவை மட்டும். மிகச் சில இடங்கள் தவிரப் பெயர் கிடையாது. விடுதலை பெற்ற மக்கள் எல்லாரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கு 1870-ம் வருஷத்தது. அவர்களுடைய சந்ததியார் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால் அந்த வருஷத்தில் வந்து முட்டிக் கொள்கிறார்கள். 'ஆயிரத்தெண்ணூற்றெழுபதின் சுவர்' என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சுவருக்கு அப்பால் போக வழி எது? எந்தக் குடும்பம் தம் முன்னோர்களைச் சொத்தாக வைத்திருந்ததோ, அந்தக் குடும்பத்தின் காகிதங்களைப் படிப்பதுதான் வழி. ஜனத்தொகைக் கணக்குக்குப் பெயர் வேண்டாம். ஆனால் பாகம் பிரிக்கப் பெயர் வேண்டும். ஆகவே எஜமானர் இறந்தபோது எடுத்த ஜாபிதாவில், கலப்பைக்கும் குதிரைக்கும் நடுவே, ஒரு தாயின் பெயரும் குழந்தைகளின் பெயர்களும் விலையோடு எழுதப்பட்டிருக்கும். தாய் மூத்த மகளின் பங்குக்கும், குழந்தை இளைய மகனின் பங்குக்கும் போனது அடுத்த பக்கத்தில் தெரியும். பேத்திக்குப் பேத்தி ஒருத்தி அந்தப் பக்கத்தைத் திறந்து, தன் பாட்டியின் பெயரை முதன் முதலாகக் காண்பது இப்படித்தான். அந்தச் சமயத்தில் அவள் மகிழ்வாளா, அழுவாளா?

தாய் அடிமையானால் குழந்தையும் அடிமை என்று 1662-ல் வர்ஜீனியா சட்டம் செய்தது. அதனால் தாயின் பெயரை அறிவது எஜமானர்களுக்கு அவசியமாயிற்று. இன்று அதே பெயர் சந்ததியாருக்குப் பிடிமானமாக உதவுகிறது.

அவர்களுக்கும் குடியேற்றப் பாதை உண்டு. ஆனால் அது விரும்பிப் போன பாதை அன்று. உள்நாட்டு யுத்தத்துக்கு முந்திய எழுபது வருஷங்களில் சுமார் பத்து லட்சம் பேர் வர்ஜீனியா, மேரிலாந்து முதலிய இடங்களிலிருந்து தெற்கேயுள்ள பருத்தி, கரும்புத் தோட்டங்களுக்கு விற்கப்பட்டோ, எஜமானர்களுடன் கொண்டு செல்லப்பட்டோ போனார்கள். சங்கிலியில் பிணைத்து நடத்தினார்கள், கப்பலிலும் ஏற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 முதல் தடுத்த சட்டமே, கரையோரமாகக் கப்பலில் அடிமைகளைக் கொண்டு போகிறவர் பெயர், வயது, உயரம் கண்ட ஜாபிதா கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் அந்த ஜாபிதாக்கள் சேர்ந்தன. விடுதலைக்குப் பின், 1865 முதல் 1874 வரை நடந்த விடுதலை மக்களின் சேமிப்பு பாங்கியின் கணக்குகளில், பிரிந்து போன தாய் தந்தை சகோதரர்களின் பெயர்களை அவர்களே சொல்லி எழுதச் செய்திருக்கிறார்கள்.

கதையும் காகிதமும்

இந்தத் தேடலில் ஆசை அறிவை மறைத்துவிடும் அபாயம் உண்டு. அலெக்ஸ் ஹேலி 1976-ல் வெளியிட்ட 'ரூட்ஸ்' என்னும் நூல் லட்சக்கணக்கானவர்களைத் தம் முன்னோரைத் தேடத் தூண்டியது. தம் முன்னோர் 1767-ல் அன்னபோலிஸ் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கப்பட்டு, டோபி என்று பெயரிடப்பட்டதாக ஹேலி எழுதினார். கேரி மில்ஸ், எலிஸபெத் ஷோன் மில்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இருவர் வர்ஜீனியாவின் பதிவுகளைப் பரிசோதித்து, அந்த எஜமானர் குடும்பத்தில் டோபி என்ற அடிமை 1767-க்கு முன்பே இருந்திருக்கிறான் என்று 1981-ல் எடுத்துக் காட்டினார்கள். நூல் மூட்டிய ஆர்வம் மெய். அது காட்டிய வம்சாவளிக்கு ருசு இல்லை. பாட்டி சொன்ன கதை எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டும்; தேடியதை முடித்து வைக்காது.

டோனியின் ஐம்பது ஏக்கர்

இந்தப் பதிவுகளில் நம் தேசத்தாரும் ஒருவர் இருக்கிறார் என்றால் வாசகர்கள் ஆச்சரியப்படுவார்கள். வர்ஜீனியாவுக்கு ஓர் ஆளைத் தம் செலவில் கொண்டு வருகிறவருக்குத் தலைக்கு ஐம்பது ஏக்கர் நிலம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1635-ல் ஜார்ஜ் மெனிபி என்ற சீமான் அவ்வாறு நிலம் கேட்டுக் காட்டிய பெயர்களில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்பது ஒன்று. டோனி என்பது தாய் வைத்த பெயராக இருக்க முடியாது. எந்தக் கடற்கரையில் கப்பலேறினான், அவனை நினைத்து அழுதவர் யார் என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை. அவன் மற்றொருவருக்கு ஐம்பது ஏக்கர் பெறுமானமுள்ளவன், அதனால் எழுதப்பட்டான்.

1860-ல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு 'டுரூரோ' கப்பலில் போன நம்மவர்களின் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் எழுதப்பட்டதும் அன்பினால் அன்று. கரும்புத் தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கணக்குக்காகவே. இன்று தென்னாப்பிரிக்காவில் வாழும் அவர்களுடைய சந்ததியார் அந்த ஜாபிதாக்களைக் கொண்டுதான் தங்கள் பூர்வீக ஊரைத் தேடுகிறார்கள்.

மனிதனைப் பண்டமாக எண்ணி எழுதிய கணக்கைக் கொண்டே அவனை மறுபடியும் பாட்டனாராக்கி வணங்க முடியும் என்பதைக் கவுண்டிக் கச்சேரிகளில் தேடுகிறவர்கள் நமக்குக் காட்டுகிறார்கள். நம் வீட்டுப் பெட்டியடியில் மக்கிக் கொண்டிருக்கும் பழைய பத்திரங்களையும், கையெழுத்து மங்கிய கணக்குகளையும் பழங்குப்பை என்று எறிந்துவிடுமுன், ஒருமுறை பிரித்துப் படித்துப் பார்ப்பது நல்லது. அவற்றில் எந்தப் பாட்டி தன் பெயரை யாராவது வாசிக்க மாட்டார்களா என்று காத்துக் கொண்டிருக்கிறாளோ!