உளவியலுக்குப் பாரசீகம் எதற்கு?

'குஷி' என்கிறோம், 'பேஜார்' என்கிறோம், நயமாகப் பழகுவதை 'நாசூக்கு' என்கிறோம். மூன்றும் பாரசீகத்திலிருந்து நம் பேச்சில் கலந்தவை. மூன்றும் மனத்தோடு தொடர்புடையவை. ஆயினும், உளவியல் பயிலும் ஒருவர் பாரசீக மொழியையும் பண்பாட்டையும் உடன் கற்கப் புகுந்தால், "இரண்டுக்கும் என்ன தொடர்பு?" என்றே பலரும் வினவுவர்.

ஈரானில் உளவியலுக்கு 'ரவான்ஷெனாசி' என்று பெயர். 'ரவான்' என்றால் உயிர், உள்ளம். 'ஷெனாசி' என்றால் அறிதல். ஆனால் அந்நாட்டு மக்கள் தம் இன்ப துன்பங்களைச் சொல்லும்போது எடுத்தாளும் சொல் 'தெல்' என்பதாகும். நெஞ்சு என்பது அதன் பொருள். பேச்சுவழக்கில் வயிற்றையும் அது குறிக்கும். 'தெல்-தர்த்' என்றால் வெறும் வயிற்றுவலி. அதையே முன்பின்னாக மாற்றித் 'தர்தெ தெல்' என்றால் நெஞ்சின் துயர். அத்துயரை நெருங்கியவரிடம் கொட்டித் தீர்ப்பதற்கும் அதுவே பெயர். "என் தெல் குறுகிவிட்டது" என்பவர் பிரிந்தவரை எண்ணி ஏங்குகிறார். அகராதியை மட்டும் நம்பி இவர்களுக்குச் சிகிச்சை செய்யப் புகுபவரின் நிலை என்னாகும்? நம் ஊரில் 'வயிற்றெரிச்சல்' என்று புலம்புபவருக்குச் செரிமான மருந்து கொடுத்த கதையாகத்தான் முடியும்!

இது வெறும் கற்பனை அன்று. வடமேற்கு ஈரானின் மராகே நகரில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் பைரன் குட், 1977-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கே, பெண்களே மிகுதியாக, 'நெஞ்சத் தொல்லை' என்று ஒரு நோயைக் கூறினர். நெஞ்சு படபடப்பது அதன் அறிகுறி. ஆனால் அச்சொல்லுக்குள் துக்கம், கவலை, மகப்பேற்றின் துன்பம் எனப் பலவும் அடங்கியிருந்தன. இதயத்தை மட்டும் சோதிப்பவருக்கு இவை புலப்படுமா?

சொல் மட்டும் போதாது. பண்பாடும் தெரிய வேண்டும். 'தாரோஃப்' என்பது ஈரானியரின் உபசார முறை. கடைக்காரர் விலையைச் சொல்லுமுன், "உங்களுக்கு இது ஒரு பொருட்டா?" என்பது போல மறுப்பார்; காசு கொடாமல் வந்துவிடக்கூடாது. விருந்தினரும் முதலில் வேண்டாம் என்றே சொல்வார். அப்படிப்பட்டவர் "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றால், அதை அப்படியே வினாத்தாளில் குறித்துக்கொள்ளலாமா?

இலக்கியமும் இங்கே துணை நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் ரூமி இயற்றிய 'மஸ்னவி'யின் முதற்கதையில், நோயுற்ற பெண்ணின் நாடியைப் பிடித்தபடி வைத்தியர் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சமர்கந்து என்றதும் நாடி துள்ளுகிறது. அவ்வூர்ப் பொற்கொல்லன்மீது அவள் கொண்ட காதலே நோய் என்று தெளிகிறார். இப்னு சீனாவும் (980–1037) தம் மருத்துவ நூலில் இம்முறையைக் கூறியுள்ளார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யுங் என்னும் உளவியலறிஞர், சொற்களை ஒவ்வொன்றாகக் கூறி, மறுமொழி வரும் நேரத்தை அளந்து மறைந்த கவலைகளைத் தேடினார். காலம் வேறு, நோக்கம் ஒத்ததே.

பாரசீகம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. குற்றுயிர்கள் பெரும்பாலும் எழுத்தில் வாரா. சொல்லை முன்பே அறிந்தவரே சரியாகப் படிக்க இயலும். மனித மனமும் அவ்வாறே அன்றோ! எழுதாமல் விடப்பட்டதையும் சேர்த்துப் படிக்கும் பொறுமையை இம்மொழி கற்பிக்கிறது. உளவியல் மாணவருக்கு அதனினும் சிறந்த பயிற்சி ஏது?